அருவருக்கத்தக்க தொழில் செய்தவனின் மகளுக்கு

செல்வி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற என்னிடம், "சொல்றத மனுவா எழுதிக் குடுங்கப்பா" என்றாய். கோபத்தில் சொன்னாய் என்று தெரியும். நகர்மன்ற உறுப்பினராகி எட்டு மாதத்தில் அந்த வாக்கியம் உன் வாயில் நன்றாகப் பழகிவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவரிடம் சொல்கிறாய், தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவரிடம் சொல்கிறாய், அன்று பெற்ற அப்பனிடமும் சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன். ஆனால் இது மனு இல்லை. மனுவில் தாழ்மையுடன் என்று ஒரு வார்த்தை வரும். இதில் அது வராது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள், விஷயத்தைத் திருத்தாதே. இதன் நகல் ஒன்றைப் பட்டறைத் தெரு டீக்கடையிலும் கொடுத்து வைக்கப் போகிறேன். ஊர் படிக்கட்டும். நான் உன்னிடம் ரகசியமாகக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

படிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் விஷயத்தை முதலில் இருந்து எழுதுகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை நகர்மன்றக் கூட்டத்தில் பதினான்காவது தீர்மானம் வருகிறது. பட்டறைத் தெருவைக் கடைத்தெருவாக அறிவிக்கிறார்கள். அங்கே இருக்கும் பதினேழு பட்டறைகளுக்கும் இனி உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் தொழில் வளாகத்துக்குப் போய்விட வேண்டும். தெருவில் வாகனம் நிறுத்தும் இடத்தோடு ஒரு வணிக வளாகம் எழும்பும். தீர்மானத்தின் தலைப்பு, உள்ளூர் வேலைவாய்ப்பைப் பெருக்குவது. கூட்டம் எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும், பார்வையாளர் பெஞ்சில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணை மட்டும் வாசிப்பார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் "ஆல் பாஸ்" என்பார். மேசையைத் தட்டுவார்கள். டீ வரும். இதில் அந்தத் தெரு அடங்கிய வார்டின் உறுப்பினரான நீ அன்றைக்கு ஊரிலேயே இருக்கப் போவதில்லை என்றாய்.

"அன்னிக்குப் பேரையூர்ல காதுகுத்துப்பா. மாமன் வீட்டு விசேஷம், போகாம முடியாது."

"காது குத்துறது யாருக்கு? அந்தப் பிள்ளைக்கா, எனக்கா?"

உள்ளே மறுநாள் தல்லாகுளம் ஆபீசுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. "ஒங்க பட்டறை அந்தத் தெருவுல இருக்குப்பா. நான் எந்திரிச்சுப் பேசுனா அப்பனுக்காகப் பேசுறாம்பாக. சட்டமும் விடாது. சொந்த லாபம் இருந்தா பேசவும் கூடாது, கையும் தூக்கக் கூடாது" என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். "அதுபோக, நீங்க வேணாம்னு சொன்னா அது சரியாத்தேன் இருக்கும்னு எப்படி நம்புறது? போன தடவ பைபாஸ்ல குடுத்த எடத்தையும் நீங்கதான கிழிச்சுப் போட்டீக?" என்றும் கேட்டாய்.

இரண்டு அடி அடித்தாய். இரண்டாவது அடிக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் வலித்தது.

நீ ஆறாம் வகுப்புப் படித்த வருடம் அது. முந்தின நாள் கறுப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் வைத்ததில் என் கண் இரண்டும் மிளகாய்த்தூள் விழுந்ததுபோல் வீங்கிவிட்டது. உருளைக்கிழங்கை அரைத்து வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த உன் கையில் நகராட்சியிலிருந்து வந்த படிவத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பைபாஸ் ரோட்டோரம் பட்டறைக்காரர்களுக்கு மனை ஒதுக்குகிறார்கள், அதற்கான விண்ணப்பம். நீ வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாய். விண்ணப்பதாரர் பெயர். தகப்பனார் பெயர். செய்துவரும் அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழிலின் விவரம். அங்கே நிறுத்தினாய்.

"அப்பா, அருவருக்கத்தக்கன்னா என்ன?"

எனக்காகக் காத்திராமல் நீயே பொருளை ஊகித்தாய். "அசிங்கம்னு அர்த்தமா? நம்ம தொழில் அசிங்கமாப்பா?"

அந்த வாரம் பட்டறையில் ஓர் இட்லி வண்டி முடிந்து நின்றது. பரோட்டாக் கல், டீ பாய்லர் வைக்கும் மேடை, நான்கு சக்கர வண்டி, இவைதான் அன்றும் இன்றும் நம் பட்டறையின் வேலை. இந்த ஊரில் நின்று தின்கிறவர்களில் பாதிப் பேர் என் கைபட்ட வண்டியில்தான் தின்கிறார்கள். அதை ஒரு காகிதம் அசிங்கம் என்றது, அதையும் என் பிள்ளை வாயாலேயே சொல்ல வைத்தது. கண்கட்டை அவிழ்க்காமல் கை நீட்டி வாங்கிக் கிழித்தேன். அது சட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற பெயர், மாவு மில்லையும் பட்டறையையும் தோல் ஊறப்போடுகிற இடத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப்போட்ட பெயர் என்பதைப் பின்னால் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றே தெரிந்திருந்தாலும் கிழித்திருப்பேன். ஆனால் ஒன்று. என் தொழில் அருவருப்பில்லை என்று கத்தினேனே தவிர, தோல் ஊறப்போடுகிறவன் தொழில் மட்டும் அருவருப்பா என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அது ஒரு குறை. எழுதி வைக்கிறேன்.

பெரிய குறை அடுத்தது. நான் என்னுடையதைக் கிழித்ததோடு நிற்கவில்லை. எதிர்ப் பட்டறையில் கடைசல் லேத் வைத்திருந்த காசிம் பாய் படிவத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"அண்ணே, அவன் என்னத்தையும் எழுதிட்டுப் போறான். எடம் ரோட்டு மேல கெடக்கு, பஸ்ஸு நிக்கிது, கரண்டு இருக்கு. கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்தப் போட்ருவோம்" என்றார்.

"கண்ண மூடிக்கிட்டுப் போடுறதுக்கு நாம என்ன பொணமா பாய்?"

அப்படிச் சொல்லி அவர் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நானே கிழித்தேன். அவர் தடுக்கவில்லை. என்மேல் அம்புட்டு மரியாதை. மற்றவர்களும் என் பேச்சில் சூடாகி ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. கேட்க ஆள் இல்லாத மனைகள் பிறகு குடோன்காரர்களுக்குப் போயின. சில வருடங்களில் லேத்துக்கு ஆர்டர் குறைந்தது. பைபாஸ் வழியாகப் போகிற லாரிக்காரன் ஊருக்குள் திரும்பி நம் தெருவுக்கு ஏன் வருகிறான்? காசிம் பாய் லேத்தைப் பட்டறையோடு வேறொருவருக்கு விற்றார். அதற்குப் பிறகு ஒருநாள் திருநகருக்குப் போக பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், பைபாஸ் நிறுத்தத்தில் வண்டி நிற்கிறது, அதே மனையில் கட்டிய குடோன் வாசலில் நீலச் சட்டையும் விசிலுமாக நிற்கிறார் அவர். என்னைப் பார்த்ததும் விறைத்து ஒரு சல்யூட் அடித்தார். "அண்ணே, அருவருப்பில்லாத வேலைக்கு வந்துட்டேன்ல!" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவரை மையவாடிக்குத் தூக்கிப் போன நாளில்கூட எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது.

கிழித்தது உனக்குத் தெரியும். எதனால் கிழித்தேன் என்று இதுவரை நான் உன்னிடம் சொன்னதில்லை. உன் கேள்விமேல் பழி இல்லை. பதினோரு வயதுப் பிள்ளை கேட்டதற்கு அந்தப் பிள்ளையிடம் பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் பதினேழு குடும்பங்களை வைத்துப் பதில் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டு இடத்தை வாங்கியிருக்கலாம். ஒரே ஒரு கோடு. என் புத்திக்கு அது எட்டவில்லை. தப்பு என்னுடையது. ஆனால் நான் செய்தது தப்பு என்பதால் அவர்கள் எழுதியது சரியாகிவிடாது. இப்போதும் உரிமத்தில் அந்த வார்த்தை இருக்கிறது, இப்போதும் அதைக் காட்டித்தான் நம்மைத் தெருவை விட்டுப் போகச் சொல்கிறார்கள்.

அன்று போலவே இன்றும் வீம்புக்கு நிற்கிறேன் என்று நீ நினைக்கிறாய். அன்று நான் இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. இந்தத் தடவை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீ பார்த்தாயா? கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து கருவேலங்காட்டுக்குள் முக்கால் மணி நேர நடை. எட்டுக் கூடம் கட்டியிருக்கிறார்கள், பதினேழு பட்டறைக்கு எட்டுக் கூடம். யாருக்கு என்று குலுக்கிப் போடுவார்களாம். ஒரு தள்ளுவண்டி எப்படி உருவாகிறது என்பதை அந்தத் தெருவில் வளர்ந்த நீ மறந்திருக்க மாட்டாய். நான் சட்டம் அடிப்பேன், அச்சுக் கடைய லேத்துக்குப் போகும், சக்கரம் மூன்றாவது பட்டறையில், தகடு வளைப்பது எதிரில், பெயின்ட் கடைசியில். காலையில் இரும்பாகக் கிடந்தது சாயங்காலம் தெருமுனைக்கு வண்டியாக உருண்டு போகும். அதில் பாதியைக் குலுக்கலில் பிடுங்கிக் கண்மாய்க்கு அந்தப்பக்கம் வைத்தால் மிச்சம் இருப்பது பட்டறை இல்லை, தனித்தனியாகத் தவிக்கிற மனிதர்கள்.

முத்துலட்சுமியை உனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. பேரையூர் ரோட்டில் நம் பூர்வீக ஊருக்குப் பக்கத்துக் காலனி. அவள் அப்பாவும் அம்மாவும் என் அப்பா காட்டில் களை வெட்டியவர்கள். பட்டறையில் தூத்துப் பெருக்க வந்தாள், ஒரு வருடத்தில் வெல்டிங்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். பொம்பளப்பிள்ளையை நெருப்பில் நிறுத்துகிறானே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணமும் எனக்குத் தெரியும், அதற்கும் நான் காது கொடுக்கவில்லை. வண்டி வாங்க வந்த ஒரு ஆள், "அந்தம்மா வச்ச வெல்டிங்கா? தாங்குமா?" என்று இழுத்தார். "ஏறி நின்னு பாருங்கண்ணே. ஒடஞ்சா நான் தாங்குறேன்" என்றாள். அவர் ஏறி நின்றார், குதித்தும் பார்த்தார். அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. இன்றைக்கும் காலை பஸ்ஸில் வந்து ஆறு மணி பஸ்ஸில் திரும்புகிறாள். பஸ் நம் தெருமுனையில் நிற்பதால்தான் அவளால் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இந்த வேலைக்கும் வர முடிகிறது. வணிக வளாகம் வந்தால் உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை வரும் என்று உங்கள் நகர்மன்றத் தலைவர் டீக்கடையில் வந்து சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டு அவள் சொன்னாள்: "எனக்கு அங்க என்ன வேல தருவாக? கண்ணாடிக் கதவத் தொறந்து விடுறதா? அந்தக் கதவுக்குப் பிரேம் அடிக்கிற கையிண்ணே இது."

வேலை கொடுக்கிறோம், வேலை கொடுக்கிறோம் என்று மன்றம் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. நாற்பது வருடத்தில் ஒருவன்கூட நகராட்சியிடம் போய் எனக்கு வேலை கொடு என்று நம் தெருவிலிருந்து நின்றதில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் சாக்கடைக்கு மூடி. மழை பெய்தால் மெஷின் காலில் தண்ணீர் நிற்காத ஒரு ரோடு. வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஒரு கழிப்பறை. முத்துலட்சுமி இத்தனை வருடமும் பக்கத்துப் பள்ளிக்கூட ஆயாவைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். இதை எழுதிக் கொடுத்த மனுக்களின் நகல்கள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. அதைவிட ஒரு வேடிக்கை. உங்கள் தூய்மைப் பணியாளர்கள் தள்ளுகிற குப்பை வண்டிகளை எங்கிருந்து வாங்கினீர்கள்? எங்கோ வடக்கே இருக்கிற ஒரு கம்பெனியிடம். வந்த நான்காம் மாதமே சக்கரம் கழன்றது. கழன்ற வண்டியை எங்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள்? நம் தெருவுக்கு. வண்டியே செய்கிற தெரு, நகராட்சி அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நீ உறுப்பினரான புதிதில் உன்னிடம் இதைக் கேட்டேன். "அது டெண்டர் விதிப்பா. இம்புட்டு வருமானம், இம்புட்டு அனுபவம்னு இருக்கு" என்றாய். விதியை யார் எழுதுகிறார்கள், வானத்திலிருந்து விழுகிறதா? பதினேழு பட்டறையும் சேர்ந்து ஒரு சங்கமாக விலை போட வழி இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் உன் நாற்காலி உடைந்துவிடுமா? ஒரு நகர்மன்றம் தொழிலை வளர்க்க ரிப்பன் வெட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதன் காலை வெட்டாமல் இருந்தால் போதும், கையில் இருக்கிற ஆர்டரைக் கண்ணெதிரே இருக்கிறவனுக்குக் கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் மன்றத்தில் நான் பேச முடியாது. பார்வையாளர் பெஞ்சில் வாய் திறந்தால் வெளியே தள்ளுவார்கள். இரண்டு தடவை தள்ளியிருக்கிறார்கள். பேச முடிந்தவள் நீ. அதனால்தான் உன் முதல் அடி, சட்டம் விடாது என்று நீ சொன்னது, என்னைத் தூங்கவிடவில்லை. திங்களும் செவ்வாயும் நூலகத்தில் உட்கார்ந்து நகராட்சிச் சட்டப் புத்தகத்தை வரிவரியாக வாசித்தேன். நீ சொன்னது சரி. சொந்த லாபம் உள்ள உறுப்பினர் வாய் திறக்கக் கூடாது. அது நல்ல விதியும்கூட. இல்லாவிட்டால் அந்த மன்றத்தில் பாதித் தீர்மானங்கள் மச்சான்களுக்கும் மாமன்களுக்கும்தான் போகும். உன்னிடம் நான் தோற்றது அந்த ஓர் இடத்தில். அப்பனுடைய பட்டறை, நாளைக்கு உனக்கு வந்து சேர வேண்டிய பட்டறை அந்தத் தெருவில் இருக்கிறவரைக்கும் நீ எதைப் பேசினாலும் அது உனக்காகப் பேசியதாகத்தான் இருக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமை இடத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் வாடகை ஒப்பந்தத்தை முத்துலட்சுமி பெயருக்கு மாற்றி எழுதிவிட்டேன். மெஷின்கள் அவளுக்கும் கூட வேலை செய்கிற நான்கு பேருக்கும் பொது என்று தனியாக எழுதிச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. உரிமத்தில் பெயர் மாற்றவும் அவள் விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், அல்லது பெருந்தன்மையாகச் சரி என்பாய். இரண்டும் எனக்குத் தேவைப்படவில்லை. அப்பன் சொத்தை எடுத்து வெளியாளுக்குக் கொடுத்துவிட்டான் என்று மாமன் வீட்டில் பேசுவார்கள். இருபது வருடம் அந்த நெருப்பின் முன் நின்றவள் வெளியாள் இல்லை என்று நீ சொல்வாயா மாட்டாயா என்பது உன் பாடு.

அவள் சாவியை உடனே வாங்கவில்லை. "இது செல்விக்கு வரவேண்டியதுண்ணே. அது என்னைய என்னன்னு நெனைக்கும்?" என்றாள்.

"நெனைக்கிறத அது மன்றத்துல வந்து சொல்லட்டும். நீ பிடி."

"அப்ப நீங்க நாளைக்கு வருவீகளா?"

"வந்தா எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஆயிரும்ல. வரமாட்டேன்."

"வராம பொழுதுக்கும் என்ன செய்வீக? ஒங்களுக்கு வீட்ல இருக்கத் தெரியாதேண்ணே" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள். நான் அழவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கால் தானாக வாசல்வரை போய்விட்டது. அங்கிருந்து திரும்பி வந்து உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, முடிக்கிறேன்.

தீர்மானத்தை எதிர்த்து நீ பேசினால் எனக்குச் சந்தோஷம். கண்மாய்க்கு அந்தப்பக்கம் போவதுதான் நல்லது என்று உன் மனது சொன்னால் அதையும் எழுந்து நின்று, காரணம் சொல்லி, கையைத் தூக்கிச் செய். அன்று சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை முன்னாலேயே சண்டை போடுவேன், ஆனால் வருவேன். உன் நாற்காலி காலியாகக் கிடந்து, யாரோ ஒருவர் பின்வரிசையிலிருந்து ஒரே குரலில் அதை முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் வரமாட்டேன். அதற்குப் பிறகு நீ ஆள்விட்டுக் கூப்பிட்டாலும் வரமாட்டேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

அந்தத் தெருவில் இன்று எனக்கு ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை. செவ்வாய்க்கிழமை எழுந்து பேசு.

அப்பா